வேணியின் முழங்கை

வேணி கையில்லாத ரவிக்கை போட்டிருந்தாள். கோமதிக்கு வயிறு எரிந்தது.

போன வருடம் வரை ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே சொரியாசிஸ், ஒரே களிம்பு, முழங்கையை மறைக்கும் ஒரே நீளக் கை. உடம்பைக் காக்க வேண்டிய காவலணுக்கள் சொந்தத் தோலையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய். இப்போது ‘தன்னறிமுகி’ வந்துவிட்டது. ஒருவருடைய நல்ல தோலில் நகக்கண் அளவு கிள்ளியெடுத்து, அதிலிருந்து மருந்து வடிக்கும் இயந்திரம். அந்த மருந்து காவலணுக்களின் பழைய நினைவை அழித்து, இதுதான் நம் வீடு, கை வைக்காதே என்று புதிதாகச் சொல்லிக்கொடுக்கும். சின்னவள் வேணிக்கு முறை முன்னால் வந்துவிட்டது. கோமதிக்கு இன்னும் மூன்று மாதம். நாத்தனார் மகள் கல்யாணமோ வெள்ளிக்கிழமை.

“மூணு மாசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்க்கா” என்றாள் வேணி, முழங்கையைத் தடவிக்கொண்டே.

தடவுகிறாளே, பாவி!

வேணியின் இரண்டாம் தவணை மருந்து குளிர்பெட்டியில், தோசை மாவுக்குப் பின்னால் இருந்தது. சேலை முதல் செருப்பு வரை அந்த வீட்டில் எது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. மருந்து மட்டும் என்னவாம்? வேணி பூ வாங்கப் போன நேரத்தில் கோமதி ஊசியைத் தொடையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு முன்பே உடம்பெல்லாம் சிவந்து உரிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“அது வேணி தோல்ல வடிச்ச மருந்தும்மா” என்றார் டாக்டர். “உங்க காவலணு இப்ப வேணி தோலத்தான் தன்னோடதுன்னு நம்புது. உங்க தோல் அதுக்கு அந்நியம். அழிச்சுத் திரும்ப எழுதணும்னா உங்க நல்ல தோல் கொஞ்சம் வேணும். உங்க முறை வரட்டும்.”

முன்கையில் மட்டும் தோல் முழுதாகவே கழன்று வந்துவிட்டது. அங்கே ஒட்டுப்போட வேறொருவர் தோல் வேண்டும் என்றதும், கல்யாணப் பட்டோடு ஓடிவந்திருந்த வேணி கையை நீட்டினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாக்கா?” என்று அழுதாள். அந்த வலியிலும் கோமதிக்கு, பட்டு இவளுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்றுதான் பட்டது.

ஒட்டிய துண்டு சிவக்கவேயில்லை.

மூன்று மாதத்தில் கோமதியின் முறை வந்தது. மாதிரி எடுக்க வந்த புது நர்ஸ் கழுத்து, முதுகு, பாதம் என்று உரியாத இடம் தேடிக் களைத்துப்போனாள். கடைசியில் முன்கையைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

“இந்தா, இங்க ஒரு எடம் பளிச்சுனு இருக்கே!”

கோமதி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“அது வேணாம் தாயி,” என்றாள். “அது வேணியோடது.”