ஐந்து பாகம், மணலும் சிப்பியும்

ஈயக்குண்டின் அடியில் மணல் ஒட்டியிருக்கவில்லை.

ஹோசியா பிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆழம் பார்க்கும் அந்தக் குண்டின் அடிக்குழியில் மாட்டுக்கொழுப்பை அடைத்துக் கடலுக்குள் இறக்கினால், தரையில் என்ன இருக்கிறதோ அது ஒட்டிக்கொண்டு வரும். இந்த ஆற்று முகத்துவாரத்தில் எங்கே இறக்கினாலும் சாம்பல் மணலும் உடைந்த சிப்பியும்தான். இப்போதோ கொழுப்பு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நடுவில் மட்டும் சின்னதாக நான்கு குழிகள்.

"எவ்வளவு, பிங்கம்?" மூடுபனிக்குள்ளிருந்து அதிகாரி லூமிஸின் குரல் வந்தது.

"அஞ்சு பாகம், ஐயா. மணலும் சிப்பியும்."

முப்பதடி ஆழம் உண்மை, மணல் பொய். கட்டைவிரலால் கொழுப்பை வழித்துவிட்டான்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் 'கோஸ்காட்டா' ஓர் ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போன நீராவிப் படகு. வடக்கு அரசு அதை வாங்கி, பெஞ்சுகளைப் பிடுங்கிப் பீரங்கி வைத்து, தெற்கத்தியரின் சரக்குக் கப்பல் எதுவும் வில்மிங்டன் துறைமுகத்துக்குள் நுழையாதபடி மறிக்க இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. பதினான்கு மாதக் காவலில் சிக்கியது ஒரே ஓர் உப்புத் தோணி. பனி மூடினால் பட்டப்பகலிலும் மணி அடிக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. நங்கூரம் நழுவுகிறதா என்று அறிய அரை மணிக்கு ஒருமுறை குண்டை இறக்கிப் பார்க்க வேண்டும். கீழே கொதிகலன் நோயாளியைப்போல மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, நிலக்கரிப் புகை பனியோடு கலந்து மேல்தளத்திலேயே படுத்துக் கிடக்க, ஈரக் கயிற்றின் நாற்றம் கையைவிட்டுப் போகாமல் இருக்க, ஹோசியா வலப்பக்கத் துடுப்புச் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

இதே இடம்தான். போன செவ்வாயும் இதே பனி.

ஆகஸ்டில் ஒருநாள் "கப்பல்" என்று கத்தி எல்லோரையும் பீரங்கிக்கு ஓடவைத்தவன் அவன். பனி விலகியபோது மிதந்து வந்தது ஒரு கோழிக்கூடு. அன்றிலிருந்து அவன் வாயைத் திறந்தாலே பின்னால் யாராவது கொக்கரிப்பார்கள். செவ்வாய்க்கிழமை அவன் காவலில் துடுப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் அடங்கிய குரலில், "கப்பல்காரங்களே, நாங்க அடிமைங்க, ஏத்திக்கங்க" என்றாள். ஒரு குழந்தை இருமியது. "என்ன அங்கே?" என்று லூமிஸ் கேட்பதற்குள் பின்னால் இருவர் மெல்லக் கொக்கரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றான் ஹோசியா.

சிறிது நேரத்தில் கப்பல் இடம் மாற்றக் கிளம்பியது. வலப்பக்கச் சக்கரத்தில் எதுவோ மோதி நொறுங்கியது. மிதக்கும் கட்டை என்றார் லூமிஸ். ஹோசியா தலையாட்டினான். நினைக்கும்போதெல்லாம் அந்தத் தலையாட்டல்தான் அவனைக் கூசவைத்தது.

கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளும் ஐஷம், கையில் காப்பியோடு மேலே வந்தான். மார்ச்சில் நெல் பண்ணையிலிருந்து தப்பி, தோணியில் இந்தக் கப்பலுக்கு வந்து சேர்ந்தவன்.

"பனி நல்லதுண்ணே" என்று கோப்பையை நீட்டினான். "கரைக் காவலுக்குக் கண்ணு தெரியாது. என் வீட்டுக்காரி வினி கெட்டிக்காரி, இந்த மாதிரி நாளாப் பாத்துத்தான் கிளம்புவா. பொண்ணு டைசிதான் பயந்துக்கும். கதவிடுக்குல மாட்டி ஆள்காட்டி விரல் பாதி போச்சுல்ல, அதுலேருந்து எதையும் இறுக்கிப் பிடிக்காது."

ஹோசியா காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செவ்வாய்க்கிழமை நீங்கதானே காவல்? ஏதாச்சும் கேட்டுதாண்ணே?"

"இல்லப்பா."

அவன் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே ஹோசியா அந்தப் பதிலைச் சொன்னான். வெட்கத்தில் காது எரிந்தது. ஐஷம் பனியைப் பார்த்துச் சிரித்தபடி பக்கத்திலேயே நின்றான்.

ஹோசியா மறுபடி குண்டை இறக்கினான். கயிறு சீக்கிரமே தொய்ந்தது. கயிற்றின் நான்கு பாக அளவு நீர்மட்டத்தில் நின்றது. நங்கூரச் சங்கிலி அசையவில்லை; கப்பல் இம்மியும் நகரவில்லை. குண்டை ஏற்றினான். கொழுப்பில் ஒரு சின்ன உள்ளங்கை அழுந்திய தடம். மூன்று விரல்கள், ஒரு கட்டைவிரல். ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான்.

"எவ்வளவு?"

"அஞ்சு பாகம், ஐயா. மணலும் சிப்பியும்."

அரை மணி காத்திருக்க முடியவில்லை. திரும்ப இறக்கினான். மூன்று பாகம். உடனே மறுபடியும். இரண்டு. கொழுப்பில் இப்போது இரண்டு கைத்தடங்கள், ஒன்று பெரியது. "அஞ்சு பாகம்" என்றான் கேட்காமலே. குரல் கீச்சிட்டது. பின்னால் யாரோ கொக்கரித்தார்கள்.

சொல்லிவிட வேண்டும். இவனிடமாவது. "ஐஷம்" என்று திரும்பினான். ஐஷம் ஆவலாய் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மறுபடி கயிற்றைச் சுருட்டினான்.

"கயித்தக் குடுங்கண்ணே, நான் ஒரு தடவ பாக்குறேன்."

ஹோசியா தடுக்கவில்லை. அதைக்கூடச் செய்யவில்லை.

ஐஷம் குண்டை இறக்கினான். கயிறு ஓடவில்லை. ஒரு முழம். அவ்வளவுதான். பிறகு கயிறு விறைத்தது. கீழிருந்து இழுபட்டது. ஒருமுறை. இன்னொரு முறை.

ஐஷம் எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"டைசி" என்றான் மெதுவாக. "கெட்டியாப் பிடிச்சுக்கம்மா. வலிக்காது. அப்பா இழுக்கிறேன்."

கயிறு ஏறியது. பாரமாக. சொட்டச் சொட்ட.

"பிங்கம், என்ன சத்தம் அங்கே?"

கப்பல் ஓரக்கட்டையின்மேல் ஒரு கை வந்தது. சின்னது. ஊறி வெளுத்தது. நகங்களுக்குள் மாட்டுக்கொழுப்பு. அதன் பின்னால் பெரிய கை. ஹோசியா வாயைத் திறந்தான். அந்த வாய்க்கு ஒரே பதில்தான் தெரிந்திருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா."

சின்னக் கை கட்டையோரமாக நகர்ந்தது. ஐஷமைத் தாண்டியது. ஹோசியாவின் மணிக்கட்டில் வந்து நின்று, மூன்றரை விரல்களாலும் கட்டைவிரலாலும் அதை இறுக்கிப் பிடித்தது.