கடைசிப் பெட்டியில் பதினான்கு சீட்டு

உலகத்தாருக்கு அறிவிப்பது என்னவென்றால், கோலார் தங்க வயலின் ஆறாம் வகுப்பு மாணவர்கள் இருவர், ரயில்வேயின் தலையெழுத்தையே மாற்றப்போகும் ஆய்வைத் தொடங்கிவிட்டார்கள்.

அறிவிப்பை எழுதியவன் ரூபேஷ். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான சார்ட்டில் பாதி இடம் அதற்கே போய்விட்டது.

"கேள்வி எங்கடா?" என்றாள் டீனா.

"இன்னா கேள்வி?"

"எங்கப்பா தினம் நம்ம கோரமண்டல் ஸ்டேஷன்ல ஏறி பெங்களூர் வரைக்கும் நின்னுகினே போறாரு. முட்டி வீங்கிப்போவுது. எந்தப் பெட்டியில சீட்டு காலியா இருக்கும்? அதான் கேள்வி."

"ரொம்பச் சின்னக் கேள்வியா இருக்குதே?"

"முட்டி பெருசா இருக்குது."

ஐந்து நாள் காலையில், ரயில் நிற்கும் கொஞ்ச நேரத்தில், ஆளுக்குப் பாதிப் பெட்டிகளை ஜன்னல் வழியாக எண்ணினார்கள். கடைசிப் பெட்டியில் தினமும் பதினான்கு சீட்டு காலி! ரூபேஷ் சிவப்பு மையில் 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

திங்கட்கிழமை டீனாவின் அப்பா ஏனோக் கடைசிப் பெட்டியில் ஏறினார். சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"காலிதான் கண்ணு. ஆனா ஒவ்வொரு சீட்டு மேலயும் ஒரு கர்ச்சீப். பங்காருப்பேட்டையில ஏர்ற பிரெண்டுங்களுக்குப் போட்டு வெச்சிருக்காங்க."

ரூபேஷின் முகம் சிவப்பு மையைவிடச் சிவந்தது. "நாம எண்ணுனது தப்பா?"

"எண்ணுனது சரிதான். காலின்னு நெனச்சதுதான் தப்பு." டீனா புதுத் தாள் எடுத்தாள். "அப்பா, எப்படியும் நிக்கத்தான் போறீங்க. கர்ச்சீப் எத்தனை, ஆளு எத்தனைன்னு எண்ணிகினு வாங்க."

அப்பா நின்றுகொண்டே ஐந்து நாள் எண்ணினார். கர்ச்சீப் பதினான்கு. வந்து உட்கார்ந்தவர்கள் பதின்மூன்று பேர். ஜன்னலோரத்து மஞ்சள் கர்ச்சீப் மட்டும் பெங்களூர்வரை தனியாகச் சொகுசாகப் பயணம் செய்தது.

"அது யாருதுன்னு கேளுங்கப்பா."

"சண்டைக்கு வருவாங்கம்மா."

"சீட்டைக் கேக்காதீங்க. அந்த ஆளு ஏன் வரல, உடம்பு நல்லா இருக்குதான்னு கேளுங்க."

அப்பா கேட்டார். கர்ச்சீப் போட்ட முனியப்பன் திகைத்துப்போனார்.

"சிவகுமாரா? அவன் ரிட்டயர் ஆயி ஏழு மாசம் ஆவுதே! கைப்பழக்கத்துல போட்டுகினே இருக்கேன் பாரு. அவனை விசாரிச்சது நீ ஒருத்தன்தான். உக்காருப்பா!"

டீனா ஆய்வின் முடிவை எழுதினாள்: 'காலி சீட்டு ஒன்று. விசாரித்தால் கிடைக்கும்.'

இப்போது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறார். முட்டி வீக்கம் வடிந்துவிட்டது.

முதல் பரிசு, வழக்கம்போல, பல்பு எரியும் தெர்மாகோல் சுரங்கத்துக்குப் போனது.