போர்வை தங்காத கட்டில்

கிண்ணியாவில் இருந்து பஸ்ஸேறி ஜெஸீமா அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பார்வையாளர் நேரம். தங்கச்சி மின்ஹாவுக்குச் சற்று முன்னர்தான் சுகப்பிரசவம், ஆண் பிள்ளை. அல்ஹம்துலில்லாஹ் என்று பிளாஸ்க்கைக் கீழே வைத்தவள், தங்கச்சியின் போர்வை காலடியில் கிடப்பதைக் கண்டாள். ஆம்பிளைகள் வந்துபோகிற வாட்டில் இது என்ன வெட்கங்கெட்ட வேலை! கழுத்துவரை இழுத்து மூடி, ஓரத்தை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினாள்.

வெளியே மழை இருட்டு. வாட்டுக்கு இருந்ததே ஒரேயொரு நர்ஸ், புஷ்பவதி. அவவும் பக்கத்து அறையில் இன்னொரு பிரசவத்தில் நின்றா. மின்ஹா கண்ணைத் திறக்காமலே குளிருது என்று முனகினாள். பிள்ளை பெற்ற உடம்பு களைக்கத்தானே செய்யும் என்று ஜெஸீமா பிளாஸ்க்கைத் திறக்கப் போனாள்.

திரும்பிப் பார்த்தால் போர்வை மறுபடியும் காலடியில்.

மூடினாள். ஃபேன் ஓடவில்லை, ஜன்னலும் சாத்தித்தான் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, செருகிய ஓரம் மெல்ல மெல்ல வெளியே வந்தது.

 மானம் பெரிசல்லவா, ஜெஸீமா விடாமல் இழுத்தாள். மறுபக்கம் எதுவோ இழுத்தது. ஈரமான விரல்கள் அவளுடைய கையில் படிந்தன.

"மூடாதீங்க அக்கா. என்னையும் மூடித்தான் வெச்சவை."

மின்ஹா அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். மின்ஹாவின் உதடு அசையவும் இல்லை.

போர்வை கைநழுவி விழுந்தது. இடுப்புக்குக் கீழே மெத்தை முழுக்க இரத்தம்.

அவள் போட்ட சத்தத்துக்குப் புஷ்பவதி ஓடிவந்தா. அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தா, ஊசி போட்டா, டொக்டரைக் கூப்பிட்டா. மின்ஹாவைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் ஏற்றும்போது, பயப்படாதீங்கள், தப்பிவிடுவாள், கொஞ்சம் பிந்தியிருந்தால்தான் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டொக்டர்.

பிள்ளையைக் கையில் ஏந்தியபடி ஜெஸீமா நடந்ததைச் சொன்னாள். புஷ்பவதி மறுக்கவில்லை. அவ தயாளினியாம், வெருகல் பிள்ளையாம், சில வருசத்துக்கு முந்தி இதே கட்டிலில்தான் செத்துப்போனவவாம். பிரசவம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நேர்த்தியாகப் போர்த்திப் படுக்கவைத்தார்கள். பிறகு ஒருவரும் விலக்கிப் பார்க்கவில்லை. அன்றைக்கும் ஒரே நர்ஸ்தான். பாவம், பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் பால் கொடுக்காமலே கண்ணை மூடினா.

"அந்தப் பிள்ளை?"

"இருக்குது. பள்ளிக்கூடம் போகுது."

பையை எடுக்க ஜெஸீமா திரும்பிப் போனாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தது. பயத்தைவிட அழுகைதான் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"தயாளினி தங்கச்சி, உங்கட பிள்ளை நல்லா இருக்குதாம். பள்ளிக்கூடம் போகுதாம்."



கையிலிருந்த குழந்தை பசித்துச் சிணுங்கியது.

வெள்ளை விரிப்பின் நடுவே இரண்டு ஈரவட்டங்கள் ஊறிப் பரவின. இரத்தமில்லை. குனிந்தவளுக்குத் தாய்ப்பால் மணந்தது.