நீர்மூழ்கியில் வலப்பக்கத்து இடம்

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் கரண்டை நிறுத்துவார்கள். அப்படி ஒரு நாளில்தான் ரஞ்சித்குமார் சேவூருக்குப் போனான். மற்ற நாட்களில் அந்தத் தெருவில் நின்று பேசினால் எதிராளியின் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும், அத்தனை விசைத்தறிகள். அன்றைக்கு ஒரு தறியும் ஓடவில்லை. உச்சி வெயிலில் தெருவுக்கே காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த சத்தம் அவனுக்கே அதிகமாகப் பட்டது.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் சோதித்துக் குறை சொல்வது அவன் பிழைப்பு. நாள் முழுக்கக் குறை சொல்கிறவனை யார் தேடி வருவார்கள்? ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை, ஒரு பெஞ்சு, ஒரு லேப்டாப், ராத்திரிக்குப் பரோட்டா பார்சல். ஒரே தங்கை சத்யப்ரியாவைச் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் போன் பண்ணுவதும் பண்டிகைக்குப் பண்டிகை என்று ஆகிவிட்டது. சில நாட்களில் அவன் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் பரோட்டாக் கடைக்காரராகத்தான் இருக்கும்.

அதனால்தானோ என்னவோ, இணையத்தில் பரசுராமன் என்று ஒருவர் தான் ஒண்டியாக உருவாக்கிய நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டைப் போட்டு, ‘குறை இருந்தா தாராளமா சொல்லுங்க’ என்று கேட்டபோது, ரஞ்சித் உட்கார்ந்து விலாவாரியாக எழுதினான். முதலில் நல்லதைச் சொல், அப்புறம் குறையைச் சொல், கடைசியில் அதைத் தீர்க்க வழி சொல். இது அவன் வழக்கம். கப்பல் முங்கும்போது வெளிச்சம் மெல்லக் குறைவது அருமை என்றான். கடல் அலை பட்டுப்புடவை முந்தானை மாதிரி இருக்கிறது, மாற்றுங்கள் என்றான். பெரிய குறையைக் கடைசிக்கு வைத்தான். கப்பலை ஓட்ட ஒரு ஆள் இருக்கிறார். தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டு, எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லும் சோனார் ஆளைக் காணோம். இருக்கை காலியாக இருக்கிறது. ‘கேட்டுச் சொல்ல ஆள் இல்லாத கப்பல் பாறையில்தான் முட்டும். அங்கே ஒரு குரல் வையுங்கள்’ என்று முடித்தான்.

மறுநாளே பதில் வந்தது. ‘உங்க பேருக்குக் கீழ ஆரணின்னு இருக்குதே? நான் பக்கத்துல சேவூர்தாங்க. ஒரு தபா வந்து என் மிஷின்ல ஆடிப் பாருங்க.’

கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். முன்பு பட்டு நெய்தவர், இப்போது கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுக் கொடுக்கிறார். முந்தானை அலை எங்கிருந்து வந்தது என்று ரஞ்சித்துக்கு விளங்கிவிட்டது.

“வாங்க தம்பி, வாங்க. செருப்ப உள்ளயே வுடுங்க. வெளிய வுட்டா நாய் தூக்கிகினு போயிடும்.”

உள்ளறையில் தறி இல்லை. ஆனால் தறிக்குழி அப்படியே இருந்தது. நெய்கிறவர் உட்காரும் பலகையும் இருந்தது. குழிக்குள் இரண்டு மிதிகட்டைகள், அவற்றிலிருந்து ஒயர். எதிரே பெரிய திரை.

“தறிய கழட்டிட்டேன், குழிய மூடல. முப்பது வருசம் இதுல கால தொங்கவுட்டவனுக்கு கப்பல வுட நீர்மூழ்கிதாங்க தோது. எடது மிதி மிதிச்சா முங்கும், வலது மிதிச்சா மேல வரும். யூபிஎஸ் இருக்குது, தகிரியமா ஆடுங்க. நான் டீ போட்டு எடுத்தாறேன்.”

ரஞ்சித் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது.

பலகையில் உட்கார்ந்து காலைக் குழியில் விட்டான். கல்லூரி முடிக்கும்வரை அவனும் வீட்டுத் தறியில் உட்கார்ந்தவன்தான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையை ஒரு ஆளால் நெய்ய முடியாது. நெய்கிறவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் ஒட்டி உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை இழைகளுக்கு நடுவே போட வேண்டும். அவனுக்குச் சத்யப்ரியா போட்டாள். அந்தப் பழக்கம் இன்னும் உடம்பில் இருந்தது. யோசிக்காமலே இடது பக்கம் நகர்ந்து, வலப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டான்.

கூடக் கொண்டுவந்திருந்த தன் ஹெட்செட்டை மாட்டி, இடது மிதியை அழுத்தினான். கப்பல் முங்கியது. பச்சைத் தண்ணீர் கரும்பச்சையாகி, பிறகு வெறும் கறுப்பானது. சோனாரைத் தட்டினான். ஒரு மணிச் சத்தம் கிளம்பி, தூரத்தில் போய் அடங்கியது.

“போட்டாச்சு.”

பெண் குரல். வலது காதோரம், கிசுகிசுப்பாக.

பரவாயில்லையே, சொன்னதைக் கேட்டு அதற்குள் குரல் வைத்துவிட்டாரே என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். மறுபடி தட்டினான். மறுபடி “போட்டாச்சு.” தட்டத் தட்ட அவள் பதில் சொன்னாள். ஒருமுறை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கப்பலை நிறுத்திப் பார்த்தான். கறுப்புக்குள்ளிருந்து ஒரு பாறை மூக்குக்கு நேரே எழுந்து நின்றது. பிழைத்தான். இதைவிட நல்ல துணை எந்த விளையாட்டிலும் அவனுக்கு வாய்த்ததில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சாயம் காயாத ஈரப் பட்டின் வாசனை. இந்த வீட்டில் பட்டு நூலே கிடையாது.

குழிக்குள் குளிர்ந்தது.

அவன் கால் படாமலே வலது மிதி மெல்லக் கீழே இறங்கியது.

ஒரு பாதம் அவன் பாதத்தை உரசிக்கொண்டு போனது. அதன் விரலில் மெட்டி இருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தான். சோனாரைத் தொட்டது அவன் விரல்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. மணிச் சத்தம் மடியில் சன்னமாகக் கேட்டது.

“போட்டாச்சு.”

குரல் மடியிலிருந்து வரவில்லை. பழைய இடத்திலிருந்தே வந்தது, வலது காதோரமிருந்து.

பரசுராமன் டீயோடு வந்து நின்றார். பயத்தில் வேறு பேச்சு வராமல், பழக்கப்பட்ட பேச்சே ரஞ்சித்தின் வாயில் வந்தது.

“சோனார் குரல் பிரமாதம்ணா. ஒரு குறைதான். ‘போட்டாச்சு’ன்றாங்க. சோனாருக்கு ‘கேட்டாச்சு’ன்னா பொருத்தமா இருக்கும்.”

டீ தரையில் சிந்தியது.

“நான் குரலே வெக்கலயே தம்பி.”

இருவரும் திரையைப் பார்த்தார்கள். சோனார் இருக்கை காலியாகத்தான் இருந்தது.

“அபிதா,” என்றார் அவர். “அபிதகுசாம்பாள், என் சம்சாரம். கோர்வைக்கு நாடாவ போடறப்பல்லாம் ‘போட்டாச்சு’ன்னுவா. அவ போயி மூணு வருசம் ஆவுது. தெனம் இங்கதான் உக்காந்துகினு இருக்கறேன். எனக்கு ஏன் தம்பி கேக்கல?”

ரஞ்சித் பலகையைப் பார்த்தான். அதன் நடுவில் ஒரு மெத்தைத் துண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கியிருந்தது.

“நீங்க எங்க உக்காருவீங்கணா?”

“நடுவுலதான். பக்கத்துல காலி எடத்த வெச்சிகினு உக்கார முடியல.”

“அப்ப அவங்க உக்கார எடமே இல்லயேணா.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. பரசுராமனின் முகம் அப்படி ஆகிவிட்டது. ரஞ்சித்தை எழுப்பிவிட்டு அவர் வந்து உட்கார்ந்தார். மெத்தையைத் தூக்கி எறிந்தார். சுவரில் தோள் இடிக்கும்வரை இடது பக்கம் நகர்ந்தார். ரஞ்சித்தின் ஹெட்செட்டைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி சோனாரைத் தட்டினார்.

“சொன்னாளா?”

“இல்லணா.”

மறுபடி தட்டினார். கப்பல் இரண்டு முறை பாறையில் முட்டியது. பட்டு வாசனை போய்விட்டிருந்தது. குழியும் வெறும் குழியாக, மத்தியான வெக்கையோடு இருந்தது. ரஞ்சித் சொல்லிக்கொண்டு கிளம்பியபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வண்டியை உதைக்கையில் கரண்டு வந்தது. தெருவில் இருந்த அத்தனை தறிகளும் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கின. அந்த மணிச் சத்தம் அதற்குள் அமுங்கிப்போனது.

அறைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முகம் கழுவிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். லேப்டாப்பை இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை. ஹெட்செட் ஆணியில் தொங்கியது. போனில் பரசுராமன் எழுதியிருந்தார்.

‘தம்பி, இன்னும் தள்ளிதான் உக்காந்துகினு இருக்கறேன். ஒண்ணும் கேக்கல. நாளைக்கு ஒரு தபா வர முடியுமா? உங்கள கையெடுத்து கும்புடறேன்.’

‘வரேங்கணா’ என்று அடித்தான்.

அனுப்பப் போனவன் நிறுத்தினான். பெஞ்சின் இடது ஓரத்தில், விழுந்துவிடுகிற மாதிரி தான் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வலப்பக்கம் அகலமாகக் காலி இடம். அங்கிருந்து ஈரப் பட்டு மணந்தது.

மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. எழுந்து ஓடிவிடலாம், கதவு நாலு அடியில்தான். ஆனால் ஓடித் திரும்பி வந்தால் இந்த அறை பழையபடி ஆகிவிடும். பெஞ்சு, லேப்டாப், பார்சல். ‘எத்தினி பரோட்டா’ என்று கேட்கும் ஒரே குரல். அதை நினைத்தபோது ஏற்பட்ட பயம் இந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. சேவூரில் ஒரு மனிதர் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து காத்திருப்பதும் கண்ணில் வந்தது. அவர் பாவம்தான். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

அடித்ததை அழித்தான். அழுதுகொண்டே வேறு எழுதினான்.

‘அது ஹெட்செட் கோளாறுணா. வீட்டுக்கு வந்து பாத்தேன், வேற எதோ சத்தம். குரல்லாம் இல்ல. மன்னிச்சிடுங்க.’

இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தினான்.

வலப்பக்கம் பெஞ்சுப் பலகை மெல்ல முனகியது.

“போட்டாச்சு.”