ஞாயிறு, ஒன்றிலிருந்து மூன்று வரை

செவ்வாய், பிற்பகல் 2:00. வாரப் பட்டியல் வெளியானது. இணையத்தில் அந்த வாரம் அதிகம் ஓடிய பத்துப் படங்கள். பத்தாவது இடத்தில் 'வடக்கே ஒரு நாய்'. ஆறு வருடப் பழசு. எண்பது நிமிடம். யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு கணக்கைத் தவிர. எந்தப் படம் பட்டியலில் வரும் என்று பந்தயம் கட்டும் சந்தையில், அந்தக் கணக்கு நாலு சென்ட் விலைக்கு அறுபதாயிரம் சீட்டு வாங்கியிருந்தது. ஜெயித்த சீட்டுக்கு ஒரு டாலர். பெயர் ஆக்னஸ் டோர்விக். வயது எண்பத்தேழு. அமெரிக்காவின் டுலூத் நகரம், முதியோர் இல்லம், அறை 114.

சந்தையின் கண்காணிப்பாளர் மாரிட் ஹௌகன் பணத்தை நிறுத்தி வைத்தார். ஆக்னஸின் ஒரே மகன் டெஸ்மண்ட், பட்டியல் போடும் நிறுவனத்தில் பார்வைகளை எண்ணுபவர். அவர்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள். வியாழன் மாலை வேலை போய்விடும்.

4:30. மாரிட் டெஸ்மண்டைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மாவைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"நவம்பர்ல."

"இது ஏப்ரல்."

"தெரியும்."

"அம்மா அடையாள அட்டையோட இருக்கற போட்டோவை வச்சு, கணக்கு மார்ச் மூணாம் தேதி திறந்திருக்கு. அன்னைக்கு நீங்க அங்கே இல்லைங்கறதுக்குச் சாட்சி?"

"போகாததுக்கு யாருங்க சாட்சி சொல்லுவா?"

மாரிட் டெஸ்மண்டின் அலுவலகத்திலிருந்து அந்தப் படத்தின் எண்ணிக்கையை மணிவாரியாகக் கேட்டு வாங்கினார்.

புதன், காலை 10:15. அறை 114. டிவியில் ஒரு நாய் பனியில் ஓடிக்கொண்டிருந்தது.

"வா கண்ணு, உக்காரு. அந்த நாற்காலி புதுசு இல்லை. யாரும் உக்காரலை, அவ்வளவுதான்."

"பந்தயம் கட்டுவீங்களா, ஆக்னஸ்?"

"இங்க எல்லாரும் ஆடற பிங்கோவே எனக்கு வராது."

"இந்தப் படம் பிடிக்குமா?"

"ரெண்டு வாரமா அந்த நாய் ராத்திரி பகலா வீட்டுக்குத் திரும்பிக்கிட்டே இருக்கு, பாவம். எல்லா ரூம்லயும் இதான். லைல் என்னமோ சோதனை பண்றானாம்."

"யாரு லைல்?"

"இந்தக் கம்பெனியோட முதியோர் இல்லம் எல்லாத்துக்கும் டிவி வேலை அவனுது. நல்ல பையன். வாராவாரம் கட்டில் ஓரமா அஞ்சு நிமிஷம் உக்காருவான். டெஸ்மண்ட் என்ன வேலை பாக்கறான்னு ஆசையா கேப்பான். என்னைப் போட்டோகூட எடுத்தான், அடையாள அட்டையோட."

வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது. ஊழியர்கள் அதில் எழுதுவதில்லை. மாரிட் நின்று புரட்டினார்.

வியாழன், காலை 11:00. இல்லத்தின் உணவறை. ஒரு பக்கம் டெஸ்மண்ட். எதிரே லைல். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"எண்ணிக்கை வெளியே போகலை," என்றார் மாரிட். "பார்வையையே இங்கே உண்டாக்கியிருக்காங்க. மூணு மாநிலத்துல பதினோராயிரம் அறை. ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை. ஏழு நாள். கிட்டத்தட்ட பதினாலு லட்சம் பார்வை. பத்தாவது இடத்துக்குப் போதும். இல்லையா, லைல்?"

"கிழடுங்களுக்கு நாய் பிடிக்கும். போட்டேன்."

"ராத்திரி மூணு மணிக்குமா? மனுஷங்க பாத்தா ராத்திரியில குறையும். இதுல கோடு நேரா போகுது. வாரத்துல ஒரே தடவை இறங்குது. ஞாயிறு, ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும்."

"ஞாயிறு மத்தியானம் எந்தப் படத்துக்கும் கூடத்தானே செய்யும்?" என்றார் டெஸ்மண்ட்.

"அதான். சர்ச் முடிஞ்சு, சாப்பிட்டுட்டு, அம்மா அப்பாவைப் பாக்க வருவாங்க. குளிருக்குப் போட்ட கோட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி டிவியை அணைப்பாங்க. அதை வச்சுத்தான் இது முதியோர் இல்லம்னு புரிஞ்சுது. லைலால டிவியைப் போட முடிஞ்சுது. வந்தவங்க கையைப் பிடிக்க முடியலை."

"எவ்வளவு இறங்குச்சு?" என்றார் டெஸ்மண்ட்.

"பதினோராயிரம் அறையில தொள்ளாயிரம்தான்."

லைல் டெஸ்மண்டைப் பார்த்தான். "நானாவது அஞ்சு நிமிஷம் உக்காந்தேன்."

மாரிட் பதிவேட்டைத் திறந்து டெஸ்மண்ட் பக்கம் தள்ளினார். "114க்கு நவம்பருக்கு அப்புறம் ஒரு பேரும் இல்லை. மார்ச்சுல போட்டோ எடுத்துக் கணக்கு திறந்தது நீங்க இல்லை, லைல்தான். இதான் உங்க சாட்சி. வேலை போகாது."

டெஸ்மண்ட் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து அம்மாவின் அறைக்குப் போனார்.

114-இல் நாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டிவியை அணைக்க வேண்டும். ரிமோட் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.