சுதாரத்தின் நேர்த்திக்கடன்

கையில் இருந்த பெட்டி கனத்துக்கொண்டே வந்தது. விதை ஆய்வுக்கூடத்து வாசலில் மாலிவன் அதைத் தூக்கியபோது செருப்புப் பெட்டி அளவு எடைதான். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வருவதற்குள் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழகம் புது வளாகத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. பழைய வளாகத்தில் மழைக்கு முந்தைய மூட்டமும், ஊறிய நெல்லின் புளித்த வாடையும், எங்கோ அணைக்க மறந்த குளிர்பெட்டியின் உறுமலும்தான் மிச்சம். தூங்குமூஞ்சி மரத்தடியில், ஒற்றைத் தூண்மேல் நின்றது மண்ணைக் காக்கும் ஆவியின் சிறுவீடு. அதன் முற்றத்தில் பணிவிடைப் பொம்மைகள் கைகூப்பி நின்றன.

கைப்பேசி அடித்தது. பாங்காக்கிலிருந்து சுதாரத். ஆறு வருடமாகப் பக்கத்து மேசை. இன்று மதியம்தான் முனைவர் தேர்வில் தேறியிருந்தாள். தேறினால் இந்த ஆவி ஐயாவுக்கு ஒரு பணிவிடைப் பொம்மை தருவதாக நேர்ந்திருந்தாள்.

"என்னடி சோம்பேறி, வெச்சாச்சா?"

"வந்துட்டேன்க்கா. கல்லா கனக்குது பொம்மை. டாக்டரம்மா ஆன உடனே என்னைக் கூலியாக்கிட்டீங்க."

சுதாரத் சிரிக்கவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள கொடுத்துடணும். பெட்டியைத் திறக்காம வெச்சிரு."

"மூடி வெச்சா ஐயா எப்படிக்கா பாப்பாரு?"

"மன்னிச்சிரு, மாலி." இணைப்பு அறுந்தது.

பெட்டியை முற்றத்தில் இறக்கி, கைப்பேசியை அதனருகே வைத்தாள். ஆவிக்குப் படைக்கக் கொண்டுவந்த சிவப்புச் சோடாவைத் திறந்து உறிஞ்சுகுழல் போட்டாள். ஊதுபத்தி கொளுத்தினாள். புகைக்கு நடுவே ஒரு பொம்மையின் முகத்தில் கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடி. அது கூட ஆய்வு செய்த விச்சை என்பவனுடையது. போன மழைக்காலத்தில் சொல்லாமல் ஊருக்குப் போனவன். போனில் மட்டும் "நல்லா இருக்கேன்" என்பான். அவன் போன மறுவாரம்தான் சுதாரத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது.

மாலிவன் பெட்டியைத் திறந்தாள்.

பொம்மைக்கு வெள்ளை மேலங்கி. இடது கையில் அமிலம் தின்ற ஓட்டை, அவள் அங்கியில் இருப்பதைப் போலவே. தலையில் நிஜ முடி. சோங்கிரான் பண்டிகையன்று, "வெயில் கொளுத்துது, உட்காரு" என்று சுதாரத் ஆசையாக மாலிவனுக்கு வெட்டிவிட்ட முடி. தரையில் சிந்தியதைக்கூட அக்காவேதான் கூட்டி அள்ளினாள்.

அக்கா என்ன தருவதாக நேர்ந்துகொண்டாள் என்பது புரிந்தது.

ஓட நினைத்தாள். கால் அசையவில்லை. உடம்பில் எடையே இல்லை. எல்லாம் பெட்டிக்குப் போய்விட்டது.

இந்தப் பொம்மையின் கைகள் மட்டும் கூப்பியிருக்கவில்லை. பக்கத்தில் தொங்கின.

அவளுடைய கைகள் எழுந்தன. மார்புக்கு நேரே சேர்ந்தன. பிரியவில்லை.

சோடா குழலில் ஏறியது. ஒரு வாய். நின்றது. இன்னொரு வாய்.

கைப்பேசி மறுபடி அடித்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டு அதை எடுத்தது.

"வெச்சாச்சுக்கா," என்றது மாலிவனின் குரல்.