மாப்பிள்ளைக்கு ஒரு குறை

மாப்பிள்ளைக்கு எந்தக் குறையை வைப்பது என்று முடிவு செய்ய எயினிக்கு ஒரு முற்பகல் முழுவதும் கொடுத்திருந்தார்கள். குறையகத்தின் முன்கூடத்தில் வெல்வெட் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. தட்டில் கடுகு அளவு விதைகள், ஒவ்வொன்றும் ஒரு குறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

“இந்தத் திக்கலைப் பாருங்கம்மா. ரொம்ப லேசானது. ஆசையா பேச வரும்போது மட்டும் ரெண்டு வார்த்தை தடுக்கும். கேக்க இனிமையா இருக்கும்” என்றாள் தாமரைச்செல்வி. அவள்தான் குறையகத்தின் தலைமை மருத்துவர்.

“நொண்டல் இருக்கா?” என்று கேட்டாள் எயினியின் அம்மா பவளம்.

“இருக்கே. எந்தக் கால்ல வேணும்?”

“வேண்டாம், வேண்டாம். எங்க வீட்டுப் படி உயரம். மறதி எடுடி எயினி. உங்கப்பாவுக்கு நான் அதைத்தான் வச்சேன். வருஷா வருஷம் என் பிறந்த நாளை மறந்துடறார். நானும் கோவிச்சுக்கறேன். நல்லா பொழுது போகுது.”

மாப்பிள்ளை நன்மாறன் கொஞ்சம் தள்ளிக் கைகட்டி உட்கார்ந்திருந்தான். “எயினிக்கு எது பிடிக்குதோ அதுவே வைங்க” என்று சொல்லிப் புன்னகைத்தான். அந்தப் புன்னகையில் எந்தக் குறையும் இல்லை. எயினியின் கவலையே அதுதான்.

யூரோப்பா நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் அமைந்த அந்த ஊருக்கு ஆழ்பனிக்குடி என்று பெயர். அங்கே எல்லாக் குழந்தைகளும் கருவிலேயே செம்மை செய்யப்பட்டுப் பிறந்தார்கள். கோணல் பல், மாறுகண், சுடுசொல், சோம்பல் எதுவும் கிடையாது. ஆண்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். இப்படிப் பல தலைமுறை கழிந்ததும் கல்யாண வயதுப் பெண்களும் பையன்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கொட்டாவி விடத் தொடங்கினார்கள்.

அந்தக் கொட்டாவிக்கு மருந்தாகக் கதைப்பொறிகள் சரித்திரக் காதல் நாவல்களை எழுதித் தள்ளின. அவற்றில் மிகவும் மவுசு உள்ளவை இருபத்தோராம் நூற்றாண்டில் நடப்பவை. எயினிக்கு உயிரான நாவல் ‘மழையோடு வந்த பேருந்து.’ மழை என்பதை அவள் பார்த்ததில்லை, பேருந்தையும் பார்த்ததில்லை. ஆனால் நாயகன் பிரசன்னாவை நன்றாகத் தெரியும். அவன் முன்கோபி, சந்தேகக்காரன். தன்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பேருந்தை இருசக்கர வண்டியில் பன்னிரண்டு அத்தியாயங்களுக்குத் துரத்துகிறான். அவள் வேறொருவனோடு பேசியதற்காக அவளுடைய கைப்பேசியைச் சுவரில் அடிக்கிறான். ஒரு நாள் அவளை அறையில் வைத்துப் பூட்டுகிறான். கடைசி அத்தியாயத்தில் கொட்டும் மழையில் நின்று அழுகிறான். அந்த அழுகையில் எல்லாம் கழுவப்பட்டு, அதன் பிறகு அவனைப் போல நல்லவன் இல்லை என்று ஆகிவிடுகிறான்.

“பொறாமை” என்றாள் எயினி. “பிரசன்னாவுக்கு இருக்குமே, அதே அளவு.”

தாமரைச்செல்வியின் கை தட்டின் மேல் சற்று நின்றது. “பாதி அளவுலகூட இருக்கு.”

“முழுசா வேணும்.”

நன்மாறனின் காதுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விதை வைக்கப்பட்டது. வழக்கப்படி அவனும் அவளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்: கண்ணீருக்கு இளகுதல். அது நீல விதை. பின்பு தாமரைச்செல்வி சட்டத்தைச் சொன்னாள். விதை வைத்துக்கொண்டவர் அந்தக் குறையால் எது செய்தாலும் நகரசபை அதை வழக்காக எடுக்காது. சளி பிடித்தவன் இருமினால் தண்டனை உண்டா? அது போலத்தான். விதை வேண்டாம் என்றால், தேர்ந்தெடுத்தவரே வந்து கேட்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். பவளம் இனிப்பு கொடுத்தாள்.

முதல் மாதம் எயினிக்குத் தரையில் கால் பாவவில்லை. பாசித் தோட்டத்தில் அவளோடு வேலை செய்யும் ஒருவன் சிரித்துப் பேசியதைக் கேட்டு நன்மாறனின் முகம் சிவந்தது. “யார் அவன்? எதுக்குச் சிரிச்சான்?” என்று கேட்டான். மறுநாள் அவள் தோழிகளிடம் அதை நடித்தே காட்டினாள். “எங்க வீட்டுக்காரர் நான் என்ன சாப்பிட்டேன்னுகூட கேக்க மாட்டார்டி” என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

பிறகு அவளுடைய மணிக்கட்டுப் பேசி சுவரில் மோதி உடைந்தது. நாவலில் ஏழாம் அத்தியாயத்தில் வருவது போலவே இருந்ததால், பயத்துக்கு நடுவிலும் எயினிக்கு ஏதோ நிறைவாக இருந்தது. அன்று மாலை நன்மாறன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். “எனக்கே தெரியல எயினி, என்னை மீறி வருது.” அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள். தன் காதுக்குப் பின்னால் நீல விதை வேலை செய்வதை அவளால் உணரவும் முடிந்தது.

அடுத்தது கதவு. ஆழ்பனிக்குடியில் வீட்டுக் கதவுகள் குரலுக்குத் திறப்பவை. ஒரு காலையில் எயினி “திற” என்றாள். கதவு திறக்கவில்லை. அவள் குரலை அது மறந்திருந்தது. பாசித் தோட்டத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதற்கும் நன்மாறன் அழுதான். அதற்கும் அவள் இளகினாள். பிரசன்னாவும் பூட்டத்தானே செய்தான்? கடைசி அத்தியாயம் நெருங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவளுக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தலை கல்லாகக் கனத்தது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. தவழ்ந்து போய்ச் சுவரிலிருந்த காற்றுமானியைப் பார்த்தாள். முள் மஞ்சள் கோட்டுக்குக் கீழே கிடந்தது. வேலைக்குப் போகும்போது நன்மாறன்தான் வீட்டுக் காற்றைக் குறைத்துவிட்டுப் போயிருந்தான்.

“தூங்கிட்டு இருந்தா நீ யாரோடயும் பேச மாட்டேல்ல?” என்றான் திரும்பி வந்து, மிகவும் அன்பாக. “சிவப்புக் கோட்டுக்கு வராமத்தான் வச்சேன்.”

அந்த நாவலில் இப்படி ஓர் அத்தியாயம் இல்லை.

பவளத்தின் பிறந்த நாளன்று அவன் எயினியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பவளம் வாயில் கை வைத்துக் கேட்டாள்.

“நான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், மறதி எடுடின்னு. உங்கப்பாவைப் பார், இன்னைக்கும் மறந்துட்டு எங்கயோ போயிட்டார். சரி, மாப்பிள்ளை அழுதாரா?”

“அழுதார்.”

“அப்புறம் என்ன? அழற ஆம்பளை யாருக்குடி கிடைக்கிறான்?”

“அம்மா, மூச்சு நின்னுடும்மா!”

“பொறுத்துப் போ. கொஞ்ச நாள்ல விதை பழகிடும்.”

எயினி பின்வாசல் வழியாக இறங்கி நேரே குறையகத்துக்கு நடந்தாள். முன்கூடத்தில் ஒரு கல்யாண வீட்டார் தட்டுகளுக்காகக் காத்திருந்தார்கள். தாமரைச்செல்வி அவள் நகங்களைப் பார்த்ததும் உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

“அக்கா, அவர் விதையை எடுத்துடுங்க. நான்தான் கேட்டு வாங்கினேன், நானே வேண்டாம்னு சொல்றேன். அதை எடுத்துட்டா அவர் தங்கமான மனுஷன்.”

தாமரைச்செல்வி மேசையிலிருந்து ஒரு சிவப்பு விதையை எடுத்து, இடுக்கியால் நசுக்கினாள். கண்ணாடித் தூள் உதிர்ந்தது. வேறொன்றும் இல்லை.

“இதான் உன் வீட்டுக்காரர் காதுக்குப் பின்னால இருக்கு.”

எயினிக்குப் புரியவில்லை.

“ஆரம்பத்துல நிஜ விதைதான் வச்சோம்” என்றாள் தாமரைச்செல்வி. “நாலஞ்சு பொண்ணுங்க செத்ததும் சபை தடை பண்ணிடுச்சு. ஜனங்க விடல. குறை இல்லாத மாப்பிள்ளை வேண்டாம்னு வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க. அதனால வெறும் கண்ணாடியை வைக்கச் சொல்லி சபையே சொல்லிடுச்சு. கொஞ்ச நாள்ல அலுத்துப்போய் விட்டுடுவாங்கன்னு நினைச்சோம்.” அவள் தூளை ஊதித் தள்ளினாள். “சாவு ஒண்ணுகூட குறையல எயினி.”

“அப்போ அவருக்கு எங்க இருந்து அந்தப் பொறாமை?”

“கருவுல எதையெதையோ திருத்தினாங்க. கேக்க ஆள் இல்லைன்னா ஒருத்தன் என்ன செய்வான்கிறதை யாரும் திருத்தல. நாங்க கொடுத்தது அனுமதி. மத்ததெல்லாம் அவரோடது.”

“எங்கப்பாவோட மறதி?” என்றாள் எயினி.

தாமரைச்செல்வி தரையில் உதிர்ந்த கண்ணாடித் தூளைக் காட்டினாள்.

“அப்போ பிரசன்னா மாதிரி ஆளுங்க? அந்தக் காலத்துல அவங்களுக்கு யார் விதை வச்சது?”

“அந்தக் காலத்துல ஏது விதை? அவங்களுக்கு இந்தக் கண்ணாடிச் செலவுகூட இல்ல. ‘ஆம்பளைன்னா அப்படித்தான்’னு ஒரு வார்த்தை. அதிலேயே முடிச்சுக்கிட்டாங்க.”

எயினியின் விரல் தன் காதுக்குப் பின்னால் போய் நின்றது. “என்னோடது?”

“அதுவும் வெறும் கண்ணாடிதான். நீ இளகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஒரு வார்த்தை சொல்லு. இன்னைக்கே அவரோடதை எடுத்துடறேன். அதுக்கு அப்புறம் அவர் காத்தைக் குறைச்சா அது குறை இல்ல, குற்றம். சபை அவரை ஊரை விட்டே வெளிவளையத்துக்கு அனுப்பிடும். நீ பிழைச்சுக்குவ.”

அப்போது கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சலசலப்பு கேட்டது. தாய்வீட்டில் அவளைக் காணாமல் நன்மாறன் தேடி வந்திருந்தான். முன்கூடத்தின் பனிக்கூரை சில வாரங்களாக உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்தச் சொட்டுகளுக்குக் கீழே நின்றான். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமில்லாமல், தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

எயினி அதுவரை மழையைப் பார்த்ததில்லை. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது.

“எயினி, அவர் அழறதைப் பார்க்காதே. என்னைப் பார்” என்றாள் தாமரைச்செல்வி.

“விதையை எடுத்துட்டா, அவர் செஞ்சதுக்கெல்லாம் அவரே காரணம்னு ஆயிடும் இல்லக்கா?”

“ஆமா. அதான் நிஜம்.”

“அப்போ நான் கெட்டவனைக் கட்டிக்கிட்டேன்னு ஆயிடும்.” அவள் எழுந்தாள். “இருக்கட்டும். எடுக்க வேண்டாம். இதுதான் கடைசி அத்தியாயம். இனிமே அவர் மாறிடுவார்.”

தாமரைச்செல்வி அவள் கையைப் பிடித்தாள். எயினி மரியாதையாக விடுவித்துக்கொண்டு வெளியே போய், ஈரத்தில் நின்றவனின் கண்களைத் தன் முந்தானையால் துடைத்தாள். முன்கூடம் முழுவதும் பார்த்தது. காத்திருந்த கல்யாணப் பெண் தன் அம்மாவின் முழங்கையை இடித்தாள்.

“அம்மா, அங்க பாரேன்! எனக்கு இதே மாதிரிதான் வேணும்.”

தாமரைச்செல்வி ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றாள். பிறகு சிவப்புத் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனாள்.

எயினியும் நன்மாறனும் கைகோத்து வீட்டுக்கு நடந்தார்கள். அவன் குரலுக்குக் கதவு திறந்தது. அவன் குரலுக்கே மூடிக்கொண்டது. எயினி ஈரத் தலையைத் துவட்டத் துண்டு எடுத்து வந்தாள். அதற்குள் அவன் கண்ணீர் காய்ந்திருந்தது.

“குறையகத்துல அந்த அம்மாகிட்ட என்ன பேசினே?” என்று கேட்டான். கேட்டுக்கொண்டே காற்றுமானியின் பக்கம் போனான்.